பின் சீட்டுக்கு விழுந்த துண்டு

பழைய பஸ்ஸை வீடுபோல மாற்றுவதற்காகச் சீட்டுகளைக் கழற்றி வெளியே எறிந்தார்கள்.

பின் சக்கரத்து மேல் இருந்த சீட்டுக்கு, முன்னால் இருந்த ஜன்னல் சீட்டின் மேல் ஆறாத வயிற்றெரிச்சல். பஸ் நிற்கும் முன்பே ஜனங்கள் துண்டு வீசி இடம் பிடித்தது அதில்தான். "தூக்கித் தூக்கிப் போடுற உனக்கு எவன்டா துண்டு போடுவான்?" என்று அது சிரித்ததைப் பின் சீட்டு மறக்கவே இல்லை.

மத்தியானம் மெக்கானிக் சூசை பின் சீட்டின் மேல் துண்டை வீசினார். "இது என் இடம். எவனும் உட்காராதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

பின் சீட்டு பூரித்துப்போனது. "டேய், பார்த்தியா?"

"எங்க பார்க்க? என்னைத்தான் குப்புறப் போட்டுட்டானுங்களே!"

சூசை திரும்பி வருவதற்குள் யாராவது ஜன்னல் சீட்டை நிமிர்த்தி வைக்க மாட்டார்களா என்று பின் சீட்டு தவித்தது.