அவள் பங்குத் தண்ணீர்

"லிஃப்ட் பக்கத்துல போர்டைப் பார்த்தியா? இந்த மாசமும் நம்ம வீட்டு நம்பர்! மூணாவது மாசம்!"

செருப்பைக் கழற்றும்போதே சர்வேயர் ஆரம்பித்துவிட்டார்.

ஏரி வற்றியதிலிருந்து அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. தாண்டினால், எத்தனை லிட்டர் என்பதோடு வீட்டு நம்பர் போர்டில் ஏறிவிடும். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிறவர் வீடே அளவு தாண்டினால் மானம் போகாதா?

"இருக்கறது ரெண்டே பேர். நான் காலையில போனா சாயங்காலம்தான் வர்றேன். நாள் பூரா வீட்டுல இருக்கறது யாரு?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"அப்ப தண்ணிய யார் கொட்டறா?"

அவள் காபி கலக்க உள்ளே போனாள். அதுவே அவருக்கு ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் வாளிக்குள் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்தார்.

"உன் குளியல் இதைத் தாண்டக் கூடாது. துணி வாரத்துக்கு ஒரு தடவை. குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு பாத்திரம் தேய்க்கிற வேலையே வேண்டாம்."

"சரிங்க."

அடுத்த மாதமும் நம்பர் ஏறியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை அவர்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அவளுடைய அக்காவுக்கு வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டதாம். கூட இருக்க ஆள் இல்லை. பெட்டி கட்டினாள்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நான் போயிட்டா நம்பர் வராது, இல்லீங்க?"

கேலியா, வருத்தமா, அவருக்குப் பிடிபடவில்லை.

"எப்படி வரும்?" என்றார்.

முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. தானே பூட்டைத் திறந்து, தானே லைட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வருவது என்னவோ செய்தது. நாற்காலியில் சாய்ந்து "காபி" என்றார். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து, எழுந்து போய்ப் பால் வைத்தார். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஷூரன்ஸ் விற்கிற பெண் போன் செய்தாள். வழக்கமாக வெடுக்கென்று வைத்துவிடுகிறவர், கால் மணி நேரம் பேசினார். கடைசியில் அவளே "வேற வேலை இருக்கு சார்" என்று வைத்துவிட்டாள்.

மாதக் கடைசி வந்தது. இந்தத் தடவையாவது தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று காலையிலேயே கீழே இறங்கினார்.

போர்டில் முதல் நம்பரே அவர் வீடு.

"வாட்ச்மேன்! தனி ஆள்யா நான்! மீட்டர் கெட்டுப்போச்சு!"

வாட்ச்மேன் மேலே வந்தார். எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் அசையவில்லை.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு சார். ஒழுகலும் இல்லை. அம்மா இருந்தா பாத்திரம் கழுவின தண்ணி, துணி அலசின தண்ணி எல்லாத்தையும் பிடிச்சுவெச்சு டாய்லெட்டுக்கு ஊத்துவாங்க. அடைப்பு எடுக்க வந்தப்ப பார்த்திருக்கேன். இப்ப அது இல்லையே."

குளியலறையை எட்டிப் பார்த்தவர், தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த ஷவர்ல எவ்வளவு நேரம் சார் நிப்பீங்க?"

அதை மட்டும் சர்வேயர் அளந்ததே இல்லை.

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார்.

"நம்பர் வந்திருக்கு."

"ம்."

"நீ இருந்தப்ப ஆனதைவிட அதிக லிட்டர்."

"ம்."

"அப்ப... நான்தான் போல. என் ஷவர்தான்."

"தெரியும்ங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை பேச்சு வாங்கினே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"



"சொன்னா நிறுத்திடுவீங்க" என்றாள். "அங்க நிக்கும்போது மட்டும்தானே நீங்க பாடுவீங்க."