இஞ்சினுக்குள் தண்ணீர்

"செல்ப் அடிச்சீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக் கைலாசம், அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தியபடி.

"இல்லீங்க. தரைப்பாலத்துத் தண்ணிக்குள்ள நின்னுபோச்சு. டிராக்டர்க்காரரு இழுத்தாந்து உட்டாரு. சாவியத் தொடவே இல்ல" என்றார் மருதாசலம்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கறப்ப செல்ப் அடிச்சா ராடு வளைஞ்சு போயிருமுங்க. அப்புறம் இஞ்சினையே எறக்கோணும்."

மருதாசலம் ஈரவேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்து உதறினார். மறுபடி கட்டினார். "தண்ணி ஏறியிருக்குமுங்களா?" என்று அவர் கேட்டது அதற்குள் மூன்றாம் தடவை.

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து ஐப்பசி. நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, ரோட்டோரத் தகரக் கொட்டகையில் வண்டி நின்றிருந்தது. ஆத்தூருக்கு ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். முன்சீட்டில் மனைவி கண்ணாத்தாள் இறுக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் மூத்த மகள் வசந்தாமணி, மடியில் துணிப்பெட்டியோடு.

ஆத்தூரில் ஜவ்வரிசி மில் வைத்திருக்கும் குடும்பத்தில்தான் அவளைக் கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வளையலுக்கு மேலே வரிசையாகச் சூட்டுத் தழும்பு. அடுப்பில் பட்டது என்றாள். அடுப்பு அப்படி வரிசையாகச் சுடுமா என்று யாரும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கொண்டாந்து உடுங்க. இல்லாட்டி உங்க ஊட்டுலயே வெச்சுக்குங்க" என்று சம்பந்தி ஆள் அனுப்பிவிட்டார். பங்காளிகள் கூடினார்கள். மூத்தவள் வீட்டோடு இருந்தால் சின்னவளை எவன் கட்டுவான் என்றார்கள். மருதாசலம் கண்ணாத்தாளின் முகத்தைப் பார்த்தார். பெற்றவள் ஒரு வார்த்தை மறுத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு தானும் பேசிவிடலாம்.

"கொண்டு போய் உட்டுட்டு வந்துரலாமுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. அவரும் தலையாட்டிவிட்டார்.

இன்று காலை தரைப்பாலத்தில் வெள்ளம் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸே இக்கரையில் நின்றுவிட்டது. மருதாசலமும் பிரேக்கை மிதித்தார். திரும்பிவிடலாமா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"பஸ்காரன் நின்னா நிக்கட்டும். நீங்க உடுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

கைலாசம் ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தார். "தண்ணி கலந்திருந்தா பால் காப்பியாட்டம் இருக்குமுங்க. இது கறுப்பாத்தான் இருக்குது. பயமில்லீங்க."

"நல்லாப் பாருங்க."

ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் துழாவினார். "இதுலயும் ஈரம் காணோமுங்க. பிளக்கையும் கழட்டிப் பாத்துட்டா வேல முடிஞ்சுது. சித்தெ நேரத்துல கெளம்பிரலாம்."

மருதாசலத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. மகள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று எதிர்த்த கடைக்குப் போய் டீ வாங்கி வந்தார். வரும்போது கண்ணாத்தாள் இறங்கி, பானெட்டுக்குப் பக்கத்தில் கைலாசத்தோடு நின்றிருந்தாள்.

"இன்னும் எத்தன நேரமாகும்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் அவ்வளவு அவசரமா? மருதாசலத்துக்கு நெஞ்சு கசந்தது.

கைலாசம் நான்கு பிளக்கையும் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சியடிக்க வேண்டும். புஸ்ஸென்று காற்றுத்தான் வந்தது.

"என்னங்க?" என்றார் மருதாசலம்.

இத்தனை நேரம் மளமளவென்று பேசிய மனிதர் பின்மண்டையைச் சொறிந்தார். "அது… வந்துங்க… சில சமயம் வெளிய தெரியாதுங்க. உள்ளயே எங்காச்சும் நின்னுக்கும். உறுதியா ஒண்ணுஞ் சொல்ல முடியலீங்க."

சொல்ல என்ன இருக்கிறது? பிளக்குகள் காய்ந்து கிடப்பது மருதாசலத்தின் கண்ணுக்கே தெரிந்தது. இஞ்சின் ஃபேன் வாரியடித்த தண்ணீரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனைந்து பிளக்குக்குக் கரண்ட் போகவில்லை, அவ்வளவுதான். துணியால் துடைத்துப் போட்டால் வண்டி கிளம்பிவிடும். ராகுகாலத்துக்கு முன்னால் ஆத்தூரும் வந்துவிடும்.

பின்சீட்டைப் பார்த்தார். வசந்தாமணி டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை. சேலைத் தலைப்பு விலகி, தழும்பு தெரிந்தது. அப்பா பார்ப்பதைக் கண்டதும் அவசரமாக இழுத்து மூடிக்கொண்டு, சிரிக்கப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கைலாசத்தின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சாமி, எனக்கொரு ஒதவி பண்ணோணும். தண்ணி ஏறிப்போச்சு, இஞ்சின் போச்சு, இன்னிக்கு வண்டி நகராதுன்னு எஞ்சம்சாரத்துகிட்டச் சொல்லிப்போடுங்க. அவளுக்கு மனசு கல்லு, நான் சொன்னாக் கேக்கமாட்டா. புள்ளைய நான் ஊட்டுக்கே திருப்பிக் கூட்டீட்டுப் போயிடறேன்."

கைலாசம் பழந்துணியில் கையைத் துடைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"இதையேதானுங்க அம்மாவும் சொல்லச் சொன்னாங்க… உங்ககிட்ட."