தாமதம்: பூஜ்ஜியம்

திரையில் தாமதம் பூஜ்ஜியம் என்று வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

எங்கள் ஆய்வகத்துக்கும் கடல் தாண்டியிருக்கும் இன்னொரு ஆய்வகத்துக்கும் இடையே புதிய அதிவேக லைன். அன்று அதற்கு வெள்ளோட்டம். இங்கிருந்து ஒரு தகவல் போய்த் திரும்ப, ஒளியே ஓடினாலும் நூற்று நாற்பது மில்லி விநாடியாவது ஆகும். ஒளியை முந்த ஆய்வக இயக்குநருக்குக்கூட அதிகாரம் கிடையாது.

பூஜ்ஜியம் என்றால் ஒரே அர்த்தம்தான். தகவல் அறையை விட்டு வெளியே போகவேயில்லை.

காலையில் கருவியைச் சோதிக்க, அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் ஒரு முழ மஞ்சள் கேபிளால் இணைத்தது நான்தான். அனுப்பியது அப்படியே நமக்கே திரும்பி வரும். லூப் என்போம். சோதித்ததும் அதைக் கழற்றிவிட்டு கடல் லைனைச் செருக வேண்டும். பூங்கொத்து வந்துவிட்டதா பார் என்று அனுப்பினார்கள். போனேன், மறந்தேன்.

இயக்குநர் மண் ஆராய்ச்சியில் பெரிய ஆள். தூரத்தையே ஒழித்துவிட்டோம் என்று, நிதி தரும் இடத்திலிருந்து வந்திருந்த விருந்தினரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தினர் கையில் திட்டத்தை மூன்று வருடம் நீட்டிக்கும் கோப்பு. கையெழுத்து விழாவிட்டால் மாதக் கடைசியில் நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்கு.

வாயைத் திறந்தால் காரியம் கெட்டது. திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

இனி அக்கரை காட்டிக்கொடுப்பார். அந்தப் பக்கத்துப் பொறியாளருக்கு நான் வைத்த பெயர் அது. எட்டு மாதமாகத் தினமும் போனில் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு எழுத்துகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

இயக்குநர் ஸ்பீக்கரில் அழைத்து, எல்லாம் வந்ததா என்று கேட்டார்.

வந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை என்றார் அக்கரை. அவருக்குப் பின்னாலும் கைதட்டல் கேட்டது.

விருந்தினர் கோப்பில் 'தாமதம்: பூஜ்ஜியம்' என்று தன் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் காபிக்குப் போனது.

அக்கரையைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படி வந்தது என்று கேட்டேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, அவரும் காலையில் போட்ட லூப்பைக் கழற்றவில்லை என்று சொன்னார். இத்தனை நேரம் அவரவர் தகவலை அவரவரே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். நாம் யானையில்லை என்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இருவரும் லூப்பைக் கழற்றிக் கடல் லைனைச் செருகினோம்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் நூற்று நாற்பத்திரண்டு.

எட்டு மாத உழைப்பு நிஜமாகவே கடலைத் தாண்டிப் போய் வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு. போனில் அக்கரை மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார். எனக்கும்தான் என்று சொல்லி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் காபிக் கோப்பையோடு நுழைந்தார். திரையோடு நின்று படம் எடுக்க விருந்தினர் வந்துகொண்டிருக்கிறாராம். திரையைப் பார்த்தவர் முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா, பூஜ்ஜியம்னுதானே கையெழுத்து வாங்கினோம்? அதுக்குள்ள ரிப்பேரா?"

பார்க்கிறேன் சார் என்றேன். விருந்தினரை வழியிலேயே நிறுத்த ஓடினார்.

யாரும் தொடாமலே பச்சை விளக்கு அணைந்தது. திரையில் எண்ணும் இல்லை. போனைக் காதில் வைத்தேன்.

"எங்க டைரக்டரும் இப்பதான் கேட்டுட்டுப் போனார்," என்றார் அக்கரை. "நான் லூப்பை மாட்டிட்டேன். நீங்களும் மாட்டிடுங்க."