எங்களை எறக்கிடுங்க!

"சார், எங்களைக் கீழ எறக்கிடுங்க. அதான் நியாயம்."

ஸ்கெலட்டன் குடியிருப்பு அணியின் கேப்டன் ஜாய் இப்படிச் சொன்னதும், தங்கவயல் மகளிர் ரக்பி லீக்கின் தலைவர் கொர்னேலியஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பல வருடமாக லீக் நடத்துகிறார். இறக்காதீர்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, அவருடைய ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கிவிட்டவர்களும் உண்டு. இறக்கிவிடச் சொல்லி வந்து நின்ற முதல் ஆள் இவள்தான்.

ஆண்டர்சன்பேட்டையில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. லீக்கில் இரண்டு பிரிவுகள். மேல் பிரிவில் கடைசியாக வரும் அணி கீழே இறங்கும். கீழ்ப் பிரிவில் முதலில் வரும் அணி மேலே ஏறும். இந்த வருடம் மேலே கடைசி ஸ்கெலட்டன். கீழே முதல் ஆண்டர்சன்பேட்டை. சிக்கல் என்று வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு.

"அவசரப்படாதம்மா," என்றார் கொர்னேலியஸ். "மேல் பிரிவு ஆட்டம் ஒண்ணு விடாம தலைவர் நேர்ல வந்து பாக்கணும்னு விதி. உங்க கடைசி ஆட்டத்தையும் பாத்தேனே! தண்டவாளத்துல மரம் சாஞ்சி, வேலைக்குப் போன நாலு பொண்ணுங்க ட்ரெயின்லயே மாட்டிக்கினாங்க. பதினஞ்சு பேர் ஆட வேண்டிய எடத்துல பதினோரு பேர் ஆடுனீங்க. தோத்தும் கூட, வந்த டீமுக்கு மொறப்படி சாப்பாடு போட்டீங்க. வெறும் முட்டை பப்ஸ்தான், இருந்தாலும் போட்டீங்க. உங்களை எறக்க எனக்கு மனசு வருமா?"

"விதின்னா விதிதானே சார்? எங்க தாத்தா டெய்லி கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள போனவரு. எறங்குறதுக்கு எனக்கு இன்னா பயம்?"

கொர்னேலியஸ் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினார்.

அடுத்து எழுந்தவள் ஆண்டர்சன்பேட்டை கேப்டன் பவ்யா. மேலே ஏற வேண்டியவள். நன்றி சொல்லத்தான் எழுகிறாள் என்று எல்லோரும் கை தட்டத் தயாரானார்கள்.

"ஜாய் அக்காவ எறக்காதீங்க சார். நாங்க கீழயே கீறோம். அவங்க எடத்தப் புடுங்கிக்கினு மேல போக எங்களுக்கு மனசு வரல."

"நீ சும்மா இருடி," என்று ஜாய் சீறினாள். "ஜெயிச்சவ ஏறணும், தோத்தவ எறங்கணும்."

"நான் ஏற மாட்டேன்க்கா. நீங்களே மேல இருங்க."

"நீ ஏறு!"

"நீங்க இருங்க!"

சண்டை வந்தால் விலக்கிவிடத் தெரியும் கொர்னேலியஸுக்கு. விட்டுக்கொடுப்பதில் இப்படிச் சண்டை போட்டால் என்ன செய்வது? கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் பேத்தமங்களா கேப்டன் வாணி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் கீழ்ப் பிரிவில் இரண்டாவதாகவே வந்து அலுத்துப்போனவள். ஒருமுறையாவது மேல் பிரிவில் ஆடிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஏறு, ஏற மாட்டேன் என்ற கூத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

கொர்னேலியஸ் மேசையைத் தட்டினார்.

"கேளுங்க. ஸ்கெலட்டன் மேலயே இருக்கட்டும். ஆண்டர்சன்பேட்டை ஆசப்பட்ட மாதிரி கீழயே இருக்கட்டும். மேல் பிரிவுல ஒரு எடம் கூட்டறேன். ரெண்டாவதா வந்த பேத்தமங்களா ஏறட்டும். இதான் முடிவு."

வாணி பெஞ்சைத் தள்ளிக்கொண்டு துள்ளினாள். ஜாய் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவள் முகமெல்லாம் பல்லாயிற்று. பவ்யாவின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"சார், சார்! யோசிச்சுப் பாத்தா நாங்களும் ஏறலாம்னு..."

"முடிவு ஆயிடுச்சும்மா. உன் நல்ல மனச நான் கெடுக்கலாமா?"

வெளியே வந்ததும் பவ்யா ஜாயைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் உன்னாலதான்க்கா! நீ எதுக்கு எறங்கறேன்னு அடம் புடிச்சன்னு எனக்குத் தெரியாதா? போன மாசம் பேத்தமங்களால சும்மா ஒரு ஆட்டம் ஆடப் போனப்ப, வாணியோட அம்மா வெங்கடம்மா வெச்ச ஏரி மீன் கொழம்ப மூணு தபா வாங்கித் தின்னவதானே நீ!"

"நீ மட்டும் இன்னாவாம்? அந்தக் கொழம்ப விட்டுட்டு வர மனசு இல்லாமதானே கீழயே கீறேன்னே? இப்ப பாரு, கொழம்பு என்கிட்ட மேல வந்துடுச்சி." ஜாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம் நம்ம சாரு! நம்ம நல்ல மனசப் பாத்து அழுதே புட்டாரு."

ஹாலுக்குள் கடைசி ஆளாக விளக்கை அணைத்த கொர்னேலியஸ், மனைவிக்குப் போன் போட்டார்.

"ஃப்ளோரா, கீழ் பிரிவு ஆட்டத்துக்குத் தலைவர் போக வழியில்லையேன்னு எத்தனை வருஷம் பொலம்பி இருப்பேன்? இன்னிக்கு பேத்தமங்களாவ மேல ஏத்திட்டேன். அங்க ஆட்டம் நடக்குற அன்னிக்கி மத்தியானம் எனக்கு ஒல வெக்காத!"