கழற்றி வைத்த வளையங்கள்

காரை விட்டு இறங்குமுன் ரோஷெல் காது வளையங்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். மேக்கன் நகரில் அவள் வளர்ந்த கறுப்பினத்தவர் தெருவில் சண்டைக்குப் போகும் பெண்கள் முதலில் செய்வது அதுதான்.

மைதானத்து ஓரத்தில் ஓட்டப் பயிற்சியாளர் திருமதி பிரிட்செட் காத்திருந்தார். பக்கத்து பெஞ்சில் அமாயா, ஓட்டக் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது மகள் அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்கிறார்களே என்று ரோஷெலுக்குக் கூசியது.

"இனிமே ஓட மாட்டேங்கிறா. சனிக்கிழமை போட்டி, இவ இல்லாம நம்ம ரிலே படுத்துடும்," என்றார் பயிற்சியாளர். "யாரோ இவ நிறத்தைப் பத்தி ஏதோ சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

"யார் வீட்டுப் பிள்ளை கோச்? ஆளைக் காட்டுங்க, போதும்."

"தெரிஞ்சா நானே உண்டு இல்லேன்னு ஆக்கியிருக்க மாட்டேனா?"

போன மாதம் வேறொரு பள்ளியில் அமாயா ஓடும்போது ஒரு பையன் குரங்கு போலக் கத்தினான். அவனும் அவன் அப்பாவும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கும் வரை ரோஷெல் ஓயவில்லை. பிறகு மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி, "இது நம்ம நிறம். இதுக்காக யார் முன்னாடியும் தலை குனியாதே" என்றாள். சர்ச்சில் மற்ற தாய்மார்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கைப்பேசி அடித்தது. தங்கை டோனியா. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"மஞ்சள் கவுன் வேண்டாம்டி, அமாயா நிறத்துக்கு எடுக்காது. வெளிர் நீலமே தைக்கச் சொல்லு. அப்புறம் பேசறேன், இங்க ஒருத்தருக்குப் பாடம் புகட்ட வேண்டியிருக்கு."

அமாயா காலணிக் கயிற்றை விரலில் சுற்றி இறுக்கினாள்.

ரோஷெல் அவள் முன் மண்டியிட்டாள். "பேரை மட்டும் சொல்லு கண்ணு. மத்ததை அம்மா பார்த்துக்கறேன்."

"வேண்டாம்மா. வீட்டுக்குப் போலாம்."

"ஏன்? அடிச்சிடுவாங்களா?"

"இல்ல."

"அந்தப் பய கத்தினப்ப நீ அழவே இல்லையே! நிமிர்ந்து ஓடி முதல்ல வந்தியே! அதைவிடவா மோசமாச் சொல்லிட்டாங்க?"

"அவன் யாரோதானேம்மா."

ரோஷெல் ஓடுபாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் இது தெரிந்தவர்களின் வேலை. "கூட ஓடற பிள்ளையா? எவளா இருந்தாலும் சரி, இந்த மைதானத்துல, எல்லார் முன்னாடியும், உன்கிட்ட மன்னிப்புக் கேட்க வைக்கறேன். சத்தியம்."

ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசும்மா."

"ஏன் மெதுவாப் பேசணும்? தப்பு பண்ணினவங்க வெட்கப்படட்டும்!"

அமாயா பயிற்சியாளரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வெறுங்காதைப் பார்த்தாள். அதனருகே வாயைக் கொண்டுபோய், வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"'வெயில்ல ஓடி ஓடிக் கருகிட்டா, கல்யாண போட்டோல பல்லு மட்டும்தான் தெரியப் போகுது'ன்னு சித்திகிட்ட சொல்லிச் சிரிச்சது நீதானேம்மா."