கைப்பிடி வைத்த படகு

"நான் கேட்டது சறுக்குப் படகு. நீ காட்டுறது சர்ச்சுக்கு ஆள் ஏத்துற வேன்," என்றாள் ஹெய்டி.

அவள் கணவன் கர்ட் அதைக் காதில் வாங்காமல் அந்த அகலமான படகின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏரியில் பனி இன்னும் முழுசாக உருகவில்லை. மினசோட்டாவில் ஏப்ரல் மாதத்தில் படகு வாங்க வருகிறவர்கள் ஒன்று பணம் கொழுத்தவர்களாக இருப்பார்கள், இல்லை அவசரக்காரர்களாக இருப்பார்கள். ஹெய்டி இரண்டாவது ரகம்.

"எட்டுப் பேர் வசதியா உக்காரலாம். உங்க அக்கா குடும்பம் வரும். சாப்பாட்டுக் கூடை வைக்கலாம். ஏரிக்குப் போறதே அதுக்குத்தானே?" என்றான் கர்ட்.

"இன்ஜின் பின்னால இருக்கு. மலை மாதிரி அலை கிளம்பும். கயித்தைப் புடிச்சிக்கிட்டுப் பின்னால வர்ற நீ அதுல எப்படிச் சறுக்குவ?"

"நான் எதுக்குச் சறுக்கணும்? வயசாச்சு. முழங்கால் வலிக்குது."

ஹெய்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடைக்குக் கோடை காலில் மாட்டிய ஒற்றைப் பலகையில் ஏரியின் மேல் பறந்த மனுஷன். நடுவில் இன்ஜின் வைத்த, அலை எழுப்பாத படகைத் தவிர வேறெதையும் திரும்பிக்கூடப் பார்க்காதவன். பழைய படகை விற்ற கையோடு புத்தியையும் விற்றுவிட்டானா? அவள் ஆசைப்பட்டது கொஞ்சம்தான். இந்தக் கோடையில் அவன் சறுக்குவதைப் பார்க்க வேண்டும். ஏழு வயது மகள் பிரிட்டா முதல் தடவையாகப் பலகையில் எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு இப்படி ஒரு பிடிவாதமா?

"சண்டை வேண்டாம். செப்டம்பர்ல வாங்க, விலையும் இறங்கியிருக்கும்," என்றார் கடைக்காரர் வெர்லின். அவர்கள் இருவரையும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரிந்தவர்.

"செப்டம்பரெல்லாம் வேண்டாம்," என்றாள் ஹெய்டி வெடுக்கென்று. "அந்தச் சிவப்புப் படகைக் காட்டுங்க."

சிவப்புப் படகு ஒல்லியாக, அழகாக இருந்தது. கர்ட் அதில் கால் வைத்ததுமே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"படி உயரம். இன்ஜின் பெட்டி மூலையைப் பாரு, இடிச்சா எலும்பு போச்சு. புடிச்சுக்க ஒரு கம்பிகூட இல்ல."

"கம்பி யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்போ ஒரு ஊன்றுகோலும் சேத்து வாங்கிடலாமா?"

வெர்லின் சிரித்தார். கர்ட் சிரிக்கவில்லை. வாங்க மனசில்லாதவன் தொட்டதிலெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கத்தான் செய்வான் என்று நினைத்தாள் ஹெய்டி. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் வெர்லின் கொட்டகையின் கோடிக்கு அழைத்துப்போய் ஒரு நீலப் படகின் உறையை விலக்கினார். "நடுவுல இன்ஜின். அதனால அலை கம்மி. பெட்டிக்கு மெத்தை வச்சுத் தச்சிருக்கு. முன்னாலயும் இருக்கை, ரெண்டு பக்கமும் கைப்பிடி. சறுக்கவும் ஆகும், குடும்பத்துக்கும் ஆகும். விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்."

கர்ட் கைப்பிடியைப் பின்னாலிருந்து முன்னால் வரை தடவிக்கொண்டே போனான். "எங்கயும் விட்டுப்போகல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"இதுல சறுக்குவியா?" என்று கேட்டாள் ஹெய்டி.

"நீ பாக்கறதா இருந்தா சறுக்குறேன்."

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். படகு முடிவாகிவிட்டது. படகை மாட்டிக்கொள்ள வண்டியைக் கொண்டுவரப் போனான் கர்ட்.

"வெர்லின், அவன் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். ஓட்டுற இடத்துல, பின்னால பாக்குற கண்ணாடி ஒண்ணு மாட்டிக் குடுங்க. பெருசா இருக்கட்டும்."

"அது எதுக்கு உனக்கு? சறுக்குற ஆளைக் கவனிக்கப் படகுல இன்னொருத்தர் இருக்கணும், இல்லேன்னா கண்ணாடி இருக்கணும். துணைக்கு ஆள் இல்லாதவன்தான் அதை மாட்டுவான். நீதான் இருக்கியே. அவன் தண்ணியில விழுறதுக்கு முன்னாடியே படகை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவியே. உன்னைவிட நல்லாப் பாக்குற ஆள் இந்த ஏரியில யாரு?"

ஹெய்டி நீலப் படகின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இப்பவே எனக்குக் கண்ணுல ஓரமெல்லாம் தெரியறதில்ல, வெர்லின். நடுவுல மட்டும்தான் தெரியுது. அதுவும் இந்தக் கோடை வரைக்கும் தாங்கினா அதிர்ஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். மருந்து கிடையாதாம். பிரிட்டா தண்ணியில விழுந்து, அதை நான் பாக்காம விட்டுட்டா?"

வெர்லின் கர்ட் போன வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கர்ட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா பலகையைத் தொடவே மாட்டான். இருக்கற ஒரு கோடையையும் அழுதே தீத்துடுவான். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

வெளியே கர்ட்டின் வண்டி மெதுவாகப் பின்னால் வரும் சத்தம் கேட்டது. வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போன செவ்வாய்க்கிழமை அவன் தனியா வந்தான்மா," என்றார். "கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, தட்டுத்தடவி, இங்க இருக்கற ஒவ்வொரு படகுலயும் ஏறி ஏறி இறங்கினான். குடிச்சிருக்கான்னு நினைச்சு நான் சிரிச்சேன்."