மீதி இரண்டு பந்து

லேத் பட்டறைக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள். கையில் அவளுடைய மகனின் கிரிக்கெட் மட்டை இருந்தது.

லேத்காரன் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினான். மூன்று மாதத்துக்கு முன் அவன் வீசிய பந்து நெற்றிப்பொட்டில் பட்டுத்தான் அவள் மகன் சுருண்டு விழுந்தான். 'மூச்சில்லை' என்று யாரோ அலறியது காதில் விழுந்ததும் ஊரைவிட்டே ஓடி வந்தவன், அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்கத் துணியவில்லை.

இருந்தாலும் முக்காலியைத் துடைத்துப் போட்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள்; தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் ஓரமாக வைத்தாள்.

"எனக்கு இந்த ஆட்டம் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. மொதல்லேருந்து சொல்லு."

மூன்று இரும்புத் துண்டுகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தினான். 

"இதுதாம்மா ஸ்டம்ப். பந்து போடறவன் இதைச் சாய்க்கணும். மட்டை வச்சிருக்கிறவன் இதைக் காப்பாத்தணும். அடிச்சிட்டு அந்தப் பக்கம் ஓடினா ரன். சுத்தி நிக்கிற பதினொரு பேரும் அதைத் தடுக்கணும்."

"ஒருத்தனைச் சுத்திப் பதினொரு பேரா? நல்லா இருக்குடா உங்க நியாயம்."

"அவன் கட்சி ஆள் ஒருத்தன் எதிர்ப்பக்கம் நிப்பாம்மா."

"அன்னைக்கு நின்னவன் என்னத்தக் கிழிச்சான்?"

அவள் விரல்கள் மட்டையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தன. அதற்குப் புது ரப்பர் உறை மாட்டியிருந்தது.

"தலைக்கு எறியலாமா?"

"எறியறதில்லம்மா. தரையில குத்தி எழும்பும். பவுன்சர்னு பேரு. சட்டப்படி போடலாம்."

"அப்போ உன் மேல தப்பில்ல."

ஆமாம் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். அவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"இருக்கும்மா. முந்தின பந்துல சிக்ஸர் அடிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான். ஹெல்மெட் இல்லைன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

அவள் மட்டையை மடியில் கிடத்தினாள்.

"ஒரு ஓவருக்கு எத்தனை பந்து?"

"ஆறு."

"அன்னைக்கு எத்தனை போட்டே?"

"நாலு. அதோட ஆட்டம் நின்னுபோச்சு."

அவள் எழுந்தாள். மட்டையைத் தூக்கினாள்.

அவன் கைகூப்பித் தலையைக் குனிந்துகொண்டான். விழட்டும் ஆண்டவனே, இந்தத் தாயின் மனம் ஆறினால் போதும் என்று கண்ணை மூடினான்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் கொடுத்த தண்ணீரை அவள் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"மீதி ரெண்டையும் சீக்கிரம் வந்து போடுப்பா. அவன் ரொம்ப நேரம் வெயில்ல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."